அக்கோடியன் வாங்க நாலு வருசம் உழைத்த பெடியன்

இந்த வருசச் சித்திரைப் புத்தாண்டு மலருக்கு ஒரு பெரியவருடைய வரலாறு எழுதித் தரும்படி மலர்க்குழுவினர் கேட்டபோது, வழக்கம்போல நாவலர், அடிகளார் என்று யாரையாவது எழுதுவார் என நினைத்திருப்பார்கள். அவர்களைப் பற்றி எழுத என்னிலும் தகுதியானவர்கள் எங்கள் சங்கத்தில் இருக்கிறார்கள். நான் எழுதப்போவது ஒரு வாத்தியக்காரரைப் பற்றி. அமெரிக்காவில் பிறந்தவர், ஆனால் 21 வயதுவரை அவருக்கு ஆங்கிலம் தெரியாது. தெரிந்தது டொச்சு மட்டும். அவர் பெயர் லோறன்ஸ் வெல்க்.

டொச்சு படிக்க நாங்கள் பட்ட பாடு வாசகர்களுக்குத் தெரியும். அந்த மொழியைத் தாய்மொழியாகக் கொண்ட ஒருவர், அதன் சாயல் தன் வாயில் ஒட்டிக்கொண்டதற்காகவே வாழ்நாளெல்லாம் கூச்சப்பட்டார் என்றால் நம்ப முடிகிறதா?

கதை 1903 இல் அவர் பிறந்ததோடு தொடங்கவில்லை. அதற்கு நூறு வருசம் முந்திப் போகவேண்டும். ரஷ்யாவின் கத்தரீன் மகாராணி, தானும் ஜேர்மன் வீட்டுப் பெண்தான், 1763 இல் ஒரு அழைப்பு விடுத்தார். வந்து குடியேறுங்கள், காணி தருகிறோம், பட்டாளத்துக்குப் பிடிக்க மாட்டோம், உங்கள் கோயிலையும் பள்ளிக்கூடத்தையும் நீங்களே நடத்தலாம் என்பது அதன் சாரம். பிறகு அவருடைய பேரன் முதலாம் அலெக்சாண்டர் கருங்கடல் பக்கத்துக்கும் ஆட்களை அழைத்தார். அல்சாஸ், பாடன், பால்ஸ் பகுதிகளில் நெப்போலியன் காலத்துச் சண்டைகளால் நொந்துபோயிருந்த குடியானவர்கள் கிளம்பினார்கள். 1808 அளவில் ஒடெசாவுக்கு அருகே குச்சுர்கான் என்ற இடத்தில் ஆறு கத்தோலிக்கக் கிராமங்கள் எழுந்தன. விட்டு வந்த ஊர்களின் பெயர்களையே அவற்றுக்கு வைத்தார்கள். ஒன்று ஸ்ராஸ்பூர்க், ஒன்று மன்ஹைம், ஒன்று பாடன், இன்னொன்று செல்ஸ். வெல்க் குடும்பம் செல்ஸ் கிராமத்துச் சனம்.

அரசர் கொடுத்த வாக்கு எவ்வளவு காலம் நிற்கும் என்று எங்களுக்குச் சொல்லித் தரவேண்டியதில்லை. 1871 இல் குடியேறியவர்களின் சலுகைகள் பறிக்கப்பட்டன. 1874 இல் கட்டாய ராணுவச் சேவை வந்தது. பெடியன்களைப் பட்டாளத்துக்குக் கொடுக்க விரும்பாத வீடுகள் மறுபடியும் மூட்டை கட்டின. அந்தக் காலத்தில் அமெரிக்காவில் 1862 இல் வந்த ஒரு சட்டத்தின்படி, ஐந்து வருசம் குடியிருந்து பயிர் செய்பவருக்கு 160 ஏக்கர் காணி கிடைத்தது. யாழ்ப்பாணக் கணக்கில் 2,560 பரப்பு. கேட்டாலே தலை சுற்றும்.

லுட்விக் வெல்க்கும் மனைவி கிறிஸ்ரினாவும் 1892 இல் வட டக்கோற்றாவுக்கு வந்து சேர்ந்தார்கள். மரமே இல்லாத புல்வெளி. கண்ணுக்கெட்டிய தூரம் புல்லும் காற்றும்தான். மாரியில் பூச்சியத்துக்குக் கீழே 30 பாகை போகும். முதல் மாரியை, கவிழ்த்துப் போட்ட வண்டிலுக்கு மேலே புல்மண் கட்டிகளை அடுக்கி அதற்குள் கழித்தார்கள் என்பது அந்தக் குடும்பத்தில் வழிவழியாகச் சொல்லப்படும் கதை. பிறகு களிமண்ணும் வைக்கோலும் குழைத்துக் கல் அறுத்து, காயவைத்து, வீடு கட்டினார்கள். எங்கள் ஊர் மண்வீடு மாதிரித்தான். விறகு இல்லாததால் மாட்டுச் சாணத்தை வைக்கோலோடு மிதித்து வரட்டி தட்டி எரித்தார்கள். அந்த வித்தையை ரஷ்யப் புல்வெளியிலிருந்து கொண்டு வந்திருந்தார்கள். அதற்கு அவர்கள் வைத்த பெயர் மிஸ்ட். டொச்சு தெரிந்த பிள்ளையள் இதை வாசித்துச் சிரிப்பார்கள்.

பக்கத்தில் எழுந்த சிற்றூருக்கும் ஸ்ராஸ்பூர்க் என்றே பெயர் வைத்தார்கள். பாருங்கள், ஒரு ஊரின் பெயர் பிரான்சின் எல்லையிலிருந்து ஒடெசாவுக்குப் போய், அங்கிருந்து அமெரிக்காவுக்கு வந்துவிட்டது. சனம் கொண்டு போகக்கூடியது அவ்வளவுதான்.

இதில் ஒன்றை மறைத்து எழுத எனக்கு மனமில்லை. அந்தக் காணி சும்மா கிடந்த காணி அல்ல. மிசூரி ஆற்றின் அந்தக் கரையில் ஸ்ராண்டிங் றொக் ஒதுக்கிடம் இருக்கிறது. சூ இனத்துச் சனத்தை அதற்குள் தள்ளிவிட்டுத்தான் ஆற்றின் இந்தப் பக்கத்தை அளந்து கொடுத்தார்கள். அவர்களின் தலைவர் சிற்றிங் புல், அதே ஒதுக்கிடத்தில் 1890 மார்கழி 15 இல் சுட்டுக் கொல்லப்பட்டார். வெல்க் குடும்பம் வந்தது அதற்கு இரண்டு வருசம் கழித்து. அடிபட்டு வந்த சனம் இன்னொரு சனத்தின் நிலத்தில் இறங்கியது. வந்தவர்களுக்கு இது எவ்வளவு தெரிந்திருக்குமோ. எங்களுக்குத் தெரியவேண்டும்.

இனி லோறன்ஸ். 1903 பங்குனி 11 இல் பிறந்தார். எட்டுப் பிள்ளைகளில் ஆறாவது. வீட்டில் டொச்சு, கோயிலில் டொச்சு, அயலட்டையிலும் அதுதான். ஆங்கிலம் எதற்கு? நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டுத் தோட்ட வேலைக்கு வந்துவிட்டார். 11 வயதளவில் குடல்வால் வெடித்துச் சாகக் கிடந்தார். தூரத்துப் பிஸ்மார்க் நகரத்துக்குக் கொண்டுபோய் வெட்டி உயிரைக் காப்பாற்றினார்கள். (ஆம், அந்த நகரத்துக்கும் ஜேர்மன் தலைவரின் பெயர்தான்.) நோயால் எழும்ப முடியாமல் கிடந்த மாதங்களில் தகப்பனாரின் பழைய அக்கோடியனே துணை. தகப்பனார் கொல்லன் வேலையும் தெரிந்தவர். ஓய்வு நேரத்தில் அதை வாசிப்பார். அக்கோடியன் எங்கள் ஆர்மோனியத்துக்கு ஒன்றுவிட்ட சகோதரம். இரண்டிலும் துருத்தியிலிருந்து வரும் காற்று உலோக நாக்கை அதிரப்பண்ணுகிறது. அந்தப் பிள்ளை அதற்குள்ளே விழுந்துவிட்டது.

17 வயதில் லோறன்ஸ் தகப்பனாரிடம் ஒரு பேரம் பேசினார். தபாலில் வரும் ஒரு நல்ல அக்கோடியனின் விலை 400 டொலர். அதை வாங்கித் தந்தால், 21 வயதாகும்வரை சம்பளமில்லாமல் தோட்டத்தில் உழைப்பேன். வெளியில் கூலி வேலையிலோ கலியாண வீட்டில் வாசித்தோ கிடைக்கும் காசையும் வீட்டுக்கே தருவேன். அந்தக் காலத்துக் குடியானவனுக்கு 400 டொலர் என்பது சின்னத் தொகையல்ல. தகப்பனார் வாங்கிக் கொடுத்தார். நாலு வருசம் சொன்ன சொல் தவறவில்லை. 1924 பங்குனி 11, அன்றைக்கு 21 வயது நிறைந்தது. அன்றைக்கே வீட்டை விட்டுக் கிளம்பினார்.

தகப்பனாருக்கு அதில் துளியும் விருப்பமில்லை. கூத்தாடித் திரிகிற பிழைப்பு என்பது அவருடைய எண்ணம். எங்கட வீடுகளில் பிள்ளை மருத்துவம் படிக்க மாட்டேன், கிற்றார் வாசிக்கப்போகிறேன் என்று நின்றால் என்ன நடக்குமோ அதுதான் அங்கேயும் நடந்தது. ஆனால் இந்தப் பிள்ளை கடனை அடைத்துவிட்டுப் போனது. அந்தக் கணக்கை என்னால் மறக்க முடியவில்லை.

வெளியே போன பிறகுதான் மொழி என்ற சுவர் முன்னால் நின்றது. கூட வாசித்தவர்கள் பேசுவது விளங்கவில்லை. இவர் பேசினால் அவர்கள் சிரித்தார்கள். ஊர் ஊராகத் திரிந்த ஒரு நாடகக் குழுவோடு சேர்ந்து மேடைத் தொழிலைப் படித்தார். 1927 இல் தென் டக்கோற்றாவின் யாங்ரன் நகரத்து வானொலி நிலையத்தில் இடம் கிடைத்தது. பல வருசம் அங்கிருந்து வாசித்தார். தனித்தனித் தோட்டங்களில் மைல் கணக்கில் தள்ளி இருந்த சனத்துக்கு வானொலிதான் அயலவன். கேட்டவர்கள் நடனங்களுக்கு அழைத்தார்கள். அங்கேதான் தாதிப் படிப்புப் படித்த பேர்ன் றென்னரைச் சந்தித்து 1931 இல் மணம் முடித்தார். மூன்று பிள்ளைகள்.

சுகமான பாதை என்று நினைக்க வேண்டாம். ஒருமுறை அவருடைய குழு முழுவதும் அவரை விட்டுப் போய்விட்டது. இந்த உச்சரிப்பையும் மேடையில் துள்ளுகிற பழக்கத்தையும் வைத்துக்கொண்டு நாங்கள் முன்னேற முடியாது என்பது அவர்கள் சொன்ன காரணம். வேறொருவர் என்றால் ஊருக்குத் திரும்பியிருப்பார். இவர் புதுக் குழு சேர்த்தார். ஒரு காலத்தில் சுவிங்கம் வியாபாரத்தோடு சேர்த்துக் குழுவுக்கே அந்தப் பெயரை வைத்துக் காசு பார்த்தார். பொருளாதார மந்த காலம். வெட்கம் பார்த்தால் வயிறு நிறையாது.

1938 இல் பிற்ஸ்பேர்க் நகரத்து விடுதியொன்றில் வாசித்த காலத்தில், கேட்டவர்கள் இந்த இசை சம்பெய்ன் மாதிரி நுரைத்து எழும்புகிறது என்று சொல்ல, அந்தப் பெயரே ஒட்டிக்கொண்டது. 1951 இல் லொஸ் ஏஞ்சல்ஸ் தொலைக்காட்சியில் தொடக்கம். 1955 ஆடி 2 தொடக்கம் நாடு முழுவதும். விமர்சகர்கள் நக்கலடித்தார்கள். சனம் சனிக்கிழமை இரவுகளில் கதிரை இழுத்துப் போட்டு உட்கார்ந்தது. அவருடைய வாயில் வொண்டர்புல் என்ற சொல் வன்னர்புல் என்றுதான் வரும். கேலி பண்ணினார்கள். 1971 இல் தன் வாழ்க்கைக் கதையை எழுதியபோது அந்தப் பிழையான உச்சரிப்பையே இரண்டு தரம் போட்டு நூலுக்குத் தலைப்பாக்கிவிட்டார். கூச்சம் முழுதாகப் போய்விட்டது என்று நான் நினைக்கவில்லை. மேடையில் பேசுவது கடைசிவரை அவருக்குச் சங்கடம்தான். ஆனாலும் சிரிப்பவர்களுக்கு முந்தித் தானே சிரிக்கப் பழகியிருந்தார்.

1961 இல் அவருடைய ஒரு இசைத்தட்டு அமெரிக்காவில் முதலாம் இடத்துக்கு வந்தது. அதன் பெயர் கல்கத்தா! எங்கட ஆட்கள் ஆசைப்பட வேண்டாம். ஒரு ஜேர்மன்காரர் போட்ட மெட்டு அது, வங்காளத்துக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. அப்போது அவருக்கு 57 வயது. பையன்களின் பாட்டுகள் ஓடிய காலத்தில் ஒரு தாத்தா முன்னால் வந்து நின்றார்.

அவரை வெறும் நல்லவராக எழுதுவதும் சரியில்லை. குழுவைப் பள்ளிக்கூட வாத்தியார் மாதிரி நடத்தினார். 1959 இல் அவருடைய முக்கிய பாடகி அலிஸ் லோன் முழங்கால் தெரிய உட்கார்ந்தார் என்பதுபோன்ற காரணத்துக்காக அவரை விலக்கினார். கடிதங்கள் குவிந்தன. திரும்பி வாருங்கள் என்று கேட்டார். அந்தப் பெண் வரவில்லை. நல்லாய்ச் செய்தா என்றுதான் எனக்குப் படுகிறது. மறுபக்கத்தில், 1964 இல் ஆதர் டங்கன் என்ற கறுப்பின நடனக்காரரை நிரந்தரமாகச் சேர்த்துக்கொண்டார். அந்த நாளில் இது சின்ன விசயமில்லை.

பார்ப்பவர்கள் எல்லாம் வயதுபோனவர்கள், விளம்பரத்துக்கு உதவாது என்று 1971 இல் தொலைக்காட்சி நிறுவனம் நிகழ்ச்சியை நிறுத்தியது. அவர் தானே நிலையம் நிலையமாகப் பேசி, 200 க்கும் மேற்பட்ட நிலையங்களில் 1982 வரை ஓட்டினார். 1990 இல் அவருடைய ஊரில் ரஷ்ய ஜேர்மனியரின் குடியேற்றத்தைக் காட்டும் நூதனசாலைக்கு அமெரிக்கக் காங்கிரஸ் 5 லட்சம் டொலர் ஒதுக்கியபோது, வாத்தியக்காரனின் மண்வீட்டுக்கு அரசாங்கக் காசா என்று நாடே கத்தியது. 1991 இல் அது திருப்பி எடுக்கப்பட்டது. வீடு மட்டும் தப்பிவிட்டது. 2015 இல் மாநில வரலாற்றுச் சங்கம் அதைப் பொறுப்பேற்றது.

செல்ஸ் கிராமத்தில் நின்றுவிட்டவர்களுக்கு என்ன நடந்தது? புரட்சி, பஞ்சம், ஸ்ராலின் காலத்துக் கைதுகள். 1944 இல் போர்முனை பின்வாங்கியபோது கருங்கடல் ஜேர்மனியர் வண்டில் கட்டி மேற்கே ஓடினார்கள். சோவியத் படையின் கையில் அகப்பட்ட பலர் சைபீரியாவுக்கும் கசகஸ்தானுக்கும் அனுப்பப்பட்டார்கள். வாயிலிருந்த டொச்சே அவர்களுக்குக் குற்றமாயிற்று. லுட்விக் வெல்க் கப்பல் ஏறாமல் விட்டிருந்தால் அந்த வரிசையில் யார் யார் நின்றிருப்பார்கள்?

நான் இங்கே வந்த புதிதில் ஒரு சமையலறையில் சட்டி கழுவினேன். பக்கத்தில் கசகஸ்தானிலிருந்து வந்த ஒரு வயதானவர். அவர் பேசிய டொச்சு பாட்டன் காலத்துப் பேச்சு. எங்கள் முதலாளிக்கே விளங்காது, ரஷ்யன் என்று கூப்பிடுவார். அங்கே டொச்சன் என்றார்கள், இங்கே ரஷ்யன் என்கிறார்கள் என்று மனிசன் சலிப்பார். அவருக்குக் கெதியாகக் கடவுச்சீட்டு வந்தது. எனக்கு மூன்று மாதத்துக்கு ஒரு தரம் டுல்டுங் நீட்டி முத்திரை குத்தினார்கள். எரிச்சலாய் இருந்தது என்பதை மறைக்கவில்லை. மத்தியானச் சாப்பாட்டை மட்டும் இரண்டு பேரும் பங்கு போட்டுத்தான் தின்றோம். அவருடைய சனத்தின் கதை அப்போது எனக்குத் தெரியாது.

பல வருசம் கழித்து வெல்க்கின் பழைய படமொன்றைப் பார்த்தேன். ஆங்கிலம்தான் பேசினார். ஆனால் சொல்லை உருட்டிய விதம், மூச்சு எடுத்த இடம், எல்லாம் அந்தச் சமையலறை மனிசனே.

லோறன்ஸ் வெல்க் 1992 வைகாசி 17 இல் கலிபோர்னியாவின் சன்ரா மொனிக்காவில், 89 ஆவது வயதில் காலமானார். அந்த ஒரு வருசத்தில் மட்டும் பழைய சோவியத் நாடுகளிலிருந்து சுமார் 1,95,000 ஜேர்மன் வழித்தோன்றல்கள் இந்த நாட்டுக்கு வந்து இறங்கினார்கள். எனக்குப் பக்கத்தில் நின்று சட்டி கழுவியவர் அவர்களில் ஒருவர்.