எலும்பில் உருவம் கண்ட ஜார்ஜ் குவியர்

ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பர் நம் முன்னோர். மண்ணுள் மறைந்த விலங்கின் முழு வடிவத்தையும் அதன் சில எலும்புகளைக் கொண்டே உய்த்துணரலாம் என உலகுக்குக் காட்டியவர் ஜார்ஜ் குவியர்.

1769 ஆகஸ்டுத் திங்கள் 23ஆம் நாள் மோன்பெலியார் நகரில் பிறந்த இவர், ஸ்டுட்கார்ட்டில் பயின்றார். பின்னர் நார்மண்டியில் ஒரு குடும்பத்துப் பிள்ளைக்கு ஆசிரியராயிருந்துகொண்டே, கடற்கரையில் கிடைத்த சிற்றுயிர்களை அறுத்து ஆராய்ந்தார். 1795இல் பாரிசு அருங்காட்சியகத்தில் பணியேற்றார்.

மறு ஆண்டே யானைகளைப் பற்றிய ஆய்வுரையை வாசித்தார். இலங்கை யானையின் மண்டையோட்டையும் தென்னாப்பிரிக்க யானையின் மண்டையோட்டையும் ஒப்பிட்டு, இரண்டும் வெவ்வேறு இனங்கள் என நிறுவினார். சைபீரிய மாமூத் இவ்விரண்டிலும் சேராது அடியோடு அழிந்த இனம் என்றார். எவ்வுயிரினமும் முற்றாக அழியாது எனப் பலர் நம்பியிருந்த காலம் அது!

அவருடைய முறை எளிது, ஆழமானது. ஊனுண்ணும் விலங்கிற்குக் கூரிய பல் வேண்டும். பல்லுக்கேற்ற தாடையும், இரையைப் பற்றும் நகமும், பாயும் காலும் வேண்டும். ஆகவே ஓருறுப்பு மற்றோருறுப்புக்குச் சான்றாகிறது. எலும்பின் மேடு பள்ளங்களோ தசை பற்றியிருந்த இடத்தைக் காட்டுகின்றன.

பாரிசின் மோன்மார்த்ர் ஜிப்சக் குழிகளில் கிடைத்த சிறு புதைபடிவம் ஒன்றின் பற்களைக் கண்டு, அது பையுடைய விலங்கு என முடிவு செய்தார். அவ்வாறாயின் இடுப்பின் முன்புறம் இரண்டு தனி எலும்புகள் இருத்தல் வேண்டும் என்று முன்னரே கூறி, சான்றோர் முன்னிலையில் கல்லைச் செதுக்கினார். அவை அங்கேயே இருந்தன!

அவரும் பிழை செய்ததுண்டு. இங்கிலாந்தில் கிடைத்த இகுவானோடான் பற்களை 1823இல் காண்டாமிருகப் பற்கள் எனக் கருதினார். மேலும் சான்றுகள் வந்ததும், 1824இல் அவை ஊர்வனவற்றின் பற்களாகலாம் என ஏற்றுக்கொண்டார். ஆனால் உயிரினங்கள் மாறுவதில்லை என்னும் கருத்தை 1832 மே 13இல் மறையும்வரை அவர் விடவில்லை. பிற்கால அறிவியல் அதனை ஏற்கவில்லை.

இந்திய யானைக்கு 1798இல் அறிவியற் பெயர் சூட்டியவரும் இவரே. போடிநாயக்கனூருக்கு மேலே ஏலமலைக் காடுகளில் திரிவது அவ்யானைதான். தும்பிக்கையில் எலும்பில்லை, எனினும் மண்டையோட்டின் உயர்ந்த மூக்குத்துளை அதனைச் சுட்டிவிடும். ஆயின் பிளிறலையும், கன்றைக் காக்கும் கூட்டத்தின் பரிவையும் எந்த எலும்பு சொல்லும்? அழிந்தவற்றை அறியக் குவியர் வழிகாட்டினார். இருப்பவற்றை அழியாது காத்தல் மாணவச் செல்வங்களின் கடமையாகும்.