லூயி ஆம்ஸ்ட்ராங்: இரண்டாம் இடத்திலிருந்து முன்னால் வந்தவர்

டிரம்பெட்டை உயர்த்திப் பிடித்து, வெள்ளைக் கைக்குட்டையால் வியர்வையைத் துடைத்தபடி வாய் நிறையச் சிரிக்கும் அந்த முகத்தை நீங்கள் எங்காவது பார்த்திருப்பீர்கள். லூயி ஆம்ஸ்ட்ராங் 1901 ஆகஸ்ட் 4ஆம் நாள் அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் நகரில், ஏழைக் கறுப்பினக் குடும்பத்தில் பிறந்தார். தந்தை கைவிட்டுப் போனார். சிறுவன் லூயி பழைய சாமான் வண்டியில் வேலை செய்தான். 1912ஆம் ஆண்டின் கடைசி இரவில் துப்பாக்கியை வானை நோக்கிச் சுட்டதற்காகப் பிடிபட்டு, சிறார் இல்லத்தில் அடைக்கப்பட்டான். அந்த இல்லத்தின் பேண்டு குழுவில்தான் கார்னெட்டை முறையாகக் கற்றான். கார்னெட் என்பது டிரம்பெட்டைவிடச் சற்றுக் குட்டையான ஊதுகருவி.

1922இல் அவருடைய குரு ஜோ ‘கிங்’ ஆலிவர் அவரைச் சிகாகோவுக்கு அழைத்தார். ஆலிவரின் குழுவில் லூயிக்கு இரண்டாம் கார்னெட். குரு எடுக்கும் மெட்டுக்கு ஒத்து ஊத வேண்டும், மிஞ்சக்கூடாது. அந்தக் குழுவில் பியானோ வாசித்த லில் ஹார்டின் 1924இல் லூயியை மணந்தார். குருவின் நிழலில் இருக்கும்வரை கணவர் வளரமாட்டார் என்பதில் லில் உறுதியாக இருந்தார். ஆலிவரைத் தந்தையாகவே மதித்த லூயிக்கு அந்தப் பிரிவு எளிதாக இருக்கவில்லை. ஆனாலும் விலகினார். நியூயார்க்கில் ஓராண்டு ஃபிளெட்சர் ஹெண்டர்சன் குழுவில் வாசித்துவிட்டுச் சிகாகோ திரும்பினார்.

1925 நவம்பர் 12ஆம் நாள், ஓகே இசைத்தட்டு நிறுவனத்திற்காக முதன்முறையாகத் தம் பெயரில் ஒரு குழுவுடன் பதிவு செய்தார். ‘ஹாட் ஃபைவ்’ என்ற அந்த ஐவரில் கிட் ஓரி டிராம்போன், ஜானி டாட்ஸ் கிளாரினெட், ஜானி செயிண்ட் சிர் பாஞ்சோ, லில் பியானோ. மேடைக்கென அமைந்த குழு அல்ல. பெரும்பாலும் பதிவுக்காக மட்டுமே கூடியது. தட்டின் ஒரு பக்கத்தில் மூன்று நிமிடம்தான் கிடைக்கும்.

1927 மே மாதத்தில் டியூபா என்னும் பெரிய ஊதுகருவியும் டிரம்ஸும் சேர்ந்து, குழு ‘ஹாட் செவன்’ ஆனது. அப்போது பதிவான ‘பொட்டேட்டோ ஹெட் புளூஸ்’ பாடலைக் கேட்டுப் பாருங்கள். ஓரிடத்தில் மற்றவர்கள் ஒரு தட்டுத் தட்டிவிட்டு நின்றுவிடுகிறார்கள். அந்த இடைவெளி முழுவதையும் லூயி ஒருவரே நிரப்புகிறார். எல்லாரும் சேர்ந்து ஊதுவதே ஜாஸ் என்றிருந்த வழக்கம் மாறி, தனி ஒருவரின் கற்பனைக்கு அதில் இடம் பிறந்தது இப்படித்தான்.

1928 ஜூனில் பதிவான ‘வெஸ்ட் எண்ட் புளூஸ்’ அதையும் மிஞ்சியது. தொடக்கத்தில் துணை வாத்தியம் ஏதுமின்றி அவர் ஊதும் சில விநாடிகளை இன்றைய டிரம்பெட் மாணவர்களும் ஊதிப் பழகுகிறார்கள். அந்த மெட்டை அமைத்தவர் வேறு யாருமல்ல, விட்டு வந்த குரு ஆலிவர்தான். அந்தப் பதிவில் பியானோவில் இருந்தவர் லில் அல்ல, ஏர்ல் ஹைன்ஸ்.

பிறகு உலகப் புகழ் வந்தது, திரைப்படங்கள் வந்தன. 1957இல் லிட்டில் ராக் பள்ளியில் கறுப்பின மாணவர்கள் தடுக்கப்பட்டபோது, அரசு ஏற்பாடு செய்த சோவியத் பயணத்தை மறுக்கும் துணிவும் அவரிடம் இருந்தது. ஆலிவரோ எல்லாம் இழந்து, 1938இல் வறுமையில் இறந்தார். லில்லுடனான திருமணமும் அதே ஆண்டில் சட்டப்படி முறிந்தது.

லூயி 1971 ஜூலை 6ஆம் நாள் காலமானார். அடுத்த மாதம் சிகாகோவில் அவருக்கு நினைவஞ்சலிக் கச்சேரி நடந்தது. அதில் பியானோ வாசித்துக்கொண்டிருந்தபோதே லில் சரிந்து விழுந்து உயிர் நீத்தார்.