காணும் கண்ணை ஆராய்ந்தவர்

தாய்மொழி தமிழாகவும், வளரும் ஊர் தெலுங்கு வழங்கும் ஊராகவும் அமைந்த மாணவர் பலர் இன்று ஐதராபாத்தில் உள்ளனர். நூறாண்டுகளுக்கு முன்னர் இவ்வாறே தெலுங்கு மண்ணில் வளர்ந்த தமிழ்ச் சிறுவர் ஒருவர், பின்னாளில் உலகம் போற்றும் அறிவியல் அறிஞராக உயர்ந்தார். அவரே சர் சந்திரசேகர வேங்கட இராமன்.

இராமன் 1888ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 7ஆம் நாள், திருச்சிராப்பள்ளியை அடுத்த திருவானைக்காவலில் பிறந்தார். அவருடைய தந்தையார் சந்திரசேகர ஐயருக்கு விசாகப்பட்டினக் கல்லூரியில் ஆசிரியப் பணி கிடைத்தது. ஆகவே குடும்பம் அவ்வூரில் குடியேறியது. அங்கே பயின்ற இராமன் பதினொன்றாம் வயதிலேயே மெட்ரிகுலேஷன் தேர்வில் வெற்றி பெற்றார். பின்னர்ச் சென்னை மாநிலக் கல்லூரியில் சேர்ந்து, 1907இல் முதுகலைப் பட்டம் பெற்றார்.

அவ்வாண்டிலேயே கல்கத்தாவில் அரசின் கணக்குத் துறையில் உயர் பதவி ஏற்றார். பகலில் அலுவலகத்தில் பணியாற்றினார். காலையும் மாலையும் இந்திய அறிவியல் வளர்ச்சிக் கழகத்தின் ஆய்வுக்கூடத்தில் உழைத்தார். அரசுப் பணியில் பத்தாண்டுகள் கழிந்தன. கல்கத்தாப் பல்கலைக்கழகம் அவரைப் பேராசிரியராக அழைத்தது. ஊதியம் குறைவு என அறிந்தும், 1917இல் அரசுப் பதவியைத் துறந்து ஆய்வுப் பணியை ஏற்றார்.

1921இல் இங்கிலாந்துக்குக் கடற்பயணம் மேற்கொண்டபோது மத்தியதரைக் கடலின் ஆழ்ந்த நீலம் அவர் கருத்தைக் கவர்ந்தது. வானத்தின் நீலமே கடலில் எதிரொளிக்கிறது என்று அக்காலத்து அறிஞர் கூறிவந்தனர். இராமன் அதனை அப்படியே ஏற்கவில்லை. சிறிய பட்டகம் ஒன்றின் வழியாகக் கடலை நோக்கி, எதிரொளியை விலக்கிப் பார்த்தார். நீலம் மறையவில்லை; முன்னினும் தெளிவாகத் தோன்றியது. நீரே ஒளியைச் சிதறச் செய்கிறது என்று அவர் உணர்ந்தார். அவ்வழியே தொடர்ந்த ஆய்வு 1928ஆம் ஆண்டு பிப்ரவரி 28இல் ‘இராமன் விளைவு’ என்னும் கண்டுபிடிப்பாக முதிர்ந்தது. 1930இல் நோபல் பரிசையும் ஈட்டித் தந்தது. ஐதராபாத்து நிசாம் கல்லூரியில் பயின்ற சூரி பகவந்தம் அந்நாளில் கல்கத்தா சென்று இராமனின் மாணவரானார். அவர் பின்னாளில் உஸ்மானியாப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராகவும் விளங்கினார்.

பலரும் இராமனின் வரலாற்றை இவ்விடத்தில் நிறைவு செய்வர். ஆனால், எழுபது வயதைக் கடந்தபின் அவர் புதியதொரு துறையில் புகுந்தார். ஒளியை வாழ்நாள் முழுதும் ஆராய்ந்தவருக்கு, அவ்வொளியைக் காணும் கண் எவ்வாறு நிறத்தை உணர்கிறது என்னும் வினா எழுந்தது. பெங்களூரில் தாம் நிறுவிய ஆய்வு நிலையத்தில் இருந்தபடி மலர்களை ஆராயத் தொடங்கினார்.

மஞ்சள் மலரிலிருந்து வரும் ஒளியை நிறமாலைகாட்டியால் பகுத்தால், மஞ்சள் மட்டுமன்றிப் பச்சையும் சிவப்பும் அதில் தென்படும். எனினும் நாம் காண்பது மஞ்சள் ஒன்றே. மிருதங்கத்தின் இனிய ஒலியையும் முன்னரே ஆராய்ந்தவர் இராமன். பல சுரங்கள் ஒருங்கே ஒலித்தாலும் பழகிய செவி அவற்றைப் பிரித்தறியும். கலந்து வரும் நிறங்களையோ கண் அவ்வாறு பிரித்தறிவதில்லை.

கண்ணை ஆராய அவர் தம் கண்ணையே கருவியாக்கினார். நன்கு ஒளியூட்டிய வெண்திரையை ஒரு நிற வடிகட்டியின் வழியாகச் சிறிது நேரம் நோக்குவார். பின்னர் அதனைச் சட்டென்று விலக்குவார். அப்போது பார்வையையும் கவனத்தையும் திரையின் ஒரே புள்ளியில் நிறுத்த வேண்டும். கவனம் சிதறினால் சோதனை பயன் தராது. வெண்திரையில் இல்லாத வண்ண உருவம் ஒன்று சில நொடிகள் தோன்றி மறையும். தம் விழித்திரையின் இயல்பையே அவ்வுருவில் காண்பதாக இராமன் கருதினார். சிவப்புத் தாளை அரை நிமிடம் உற்றுநோக்கியபின் வெண்தாளைப் பார்ப்போருக்கு நீலப்பச்சைச் சாயல் தோன்றுவதும் இத்தகையதே. காட்சி என்பது புறப்பொருளால் மட்டும் அமைவதன்று. கண்ணும் மனமும் அதில் பங்கு கொள்கின்றன.

இவ்வாய்வுகளைத் தொகுத்து 1968இல் பார்வையின் இயல்பு பற்றிய நூலொன்றை வெளியிட்டார். விழித்திரையில் மூவகை நிற உணர்விகள் உள்ளன என்னும் பழைய கொள்கையை அந்நூலில் மறுத்தார். கண்ணியல் அறிஞர்கள் அம்மறுப்பை ஏற்கவில்லை. 1964ஆம் ஆண்டிலேயே அமெரிக்க ஆய்வாளர்கள் மனிதக் கண்ணின் கூம்புச் செல்களை ஒவ்வொன்றாக அளந்து, அவை மூவகைப்படும் என்று காட்டியிருந்தனர். அக்கொள்கையே இன்றும் நிலைபெற்றுள்ளது. கடலின் நீலத்தில் பெரியோர் கூற்றை ஐயுற்று வென்றவர், கண்ணின் ஆய்வில் அவ்வாறே ஐயுற்றும் வெல்லவில்லை. சோதனைக்கு உட்பட்டே எக்கருத்தும் நிலைபெறும் என்பது அறிவியலின் நெறி. நோபல் பரிசு பெற்றவருக்கும் அந்நெறி பொதுவானது. எனினும், புகழின் உச்சியில் இருந்தவர் முதுமையில் மீண்டும் ஒரு மாணவராகித் தம் கண்ணையே சோதித்து அறிய முனைந்தார் என்பது சிறிய செய்தியன்று.

இராமன் 1970ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 21ஆம் நாள், எண்பத்திரண்டாம் வயதில் மறைந்தார். அவருடைய உடல் ஆய்வு நிலையத் தோட்டத்திலேயே எரியூட்டப்பட்டது. அவ்விடத்தில் மணிமண்டபம் எதுவும் இல்லை. ஒரு மரம் மட்டும் நடப்பட்டது.