அவைக்கு அஞ்சாத அடிகளார்

நூற்றாண்டு காணும் எமது பழைய மாணவியர் சங்கம் வெளியிடும் இம்மலரில், முத்தமிழ் வித்தகர் சுவாமி விபுலாநந்தரை நினைவுகூருவதில் மகிழ்ச்சியடைகின்றோம். மட்டக்களப்பு வாவிக்கரையிற் படித்தவர்களுக்கு அவரை அறிமுகஞ் செய்யத் தேவையில்லை. அவரது துறவு, கல்விப்பணி, தமிழ்ப்பணி யாவும் பலராலும் பேசப்பட்டவை. நாம் இங்கு எடுத்துக்கொள்வது அவரது வாழ்வின் ஒரு பக்கத்தை மாத்திரமே. தம் ஆக்கத்தைப் பிறர் ஆராய்ந்து குறைசொல்லக்கூடிய இடத்திற்கு அதனைத் தாமே கொண்டுசென்ற துணிவே அது.

அடிகளார் 1892 ஆம் ஆண்டு காரைதீவிலே சாமித்தம்பி, கண்ணம்மை தம்பதியரின் மகனாகப் பிறந்தார். பிள்ளைத் திருநாமம் மயில்வாகனம். கல்முனையிலும் மட்டக்களப்புப் புனித மிக்கேல் கல்லூரியிலும் பயின்றார். 1916 இல் மதுரைத் தமிழ்ச் சங்கத்தின் பண்டிதர் தேர்விலே சித்தியெய்தினார். 1920 இல் இலண்டன் பல்கலைக்கழகத்தின் விஞ்ஞானப் பட்டம் பெற்றார். 1924 இல் இராமகிருஷ்ண சங்கத்திலே துறவு பூண்டு, 1929 இல் கல்லடி உப்போடையிலே சிவானந்த வித்தியாலயத்தை நிறுவினார்.

பண்டிதர் பட்டமும் விஞ்ஞானப் பட்டமும் ஒருவரிடத்திலேயே சேர்ந்தமை அவருக்கு இருவகைப் பயிற்சியைத் தந்தது. பண்டிதர் அவையிலே சொல்லுக்குச் சான்று காட்டவேண்டும். ஆய்வுகூடத்திலே முடிவுக்குக் கணக்குக் காட்டவேண்டும். இரண்டு இடங்களிலும் கேள்வி கேட்பவர் பகைவரல்லர். செகசிற்பியார் எனத் தாம் பெயரிட்ட சேக்சுபியரின் பன்னிரண்டு நாடகங்களைத் தமிழ் நாடக இலக்கணத்தோடு இணைத்து ஆராய்ந்த மதங்க சூளாமணியையும் அவர் முதலில் 1924 இல் மதுரைத் தமிழ்ச் சங்கத்து அறிஞர் முன்னிலையிலேதான் விரிவுரையாக வைத்தார். நூல் வெளிவந்தது 1926 இலேயே.

பிறருடைய ஆக்கம் பழிக்கப்பட்டபோது அவர் நடந்துகொண்ட விதமும் அறியத்தக்கது. 1931 இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேராசிரியரானார். பாரதியாரின் பாட்டுக்கள் எளிமையானவை, இலக்கியமெனக் கொள்ளத்தகாதவை என்று புலவர் பலர் ஒதுக்கிவந்த காலம் அது. அடிகளாரும் அந்தப் புலவர் மரபிலே தேறியவரே. எனினும் அவர் அவர்களோடு வாதாடிப் பொழுதைப் போக்கவில்லை. மாணவரைக் கூட்டிப் பாரதி கழகம் அமைத்து, அப்பாடல்களைப் படிக்கவும் பாடவும் ஆராயவும் செய்தார். பழிப்புக்கு அவர் கொடுத்த மறுமொழி அப்பாட்டுக்களையே முன்வைத்தமைதான்.

அவரது வாழ்நாட் பணி யாழ்நூல். சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதையிலே யாழாசிரியன் அமைதியைக் கூறும் 25 அடிகளின் விளக்கமாகவே அப்பெருநூல் எழுந்தது. பேரியாழுக்கு 21 நரம்பு, மகரயாழுக்கு 19, சகோடயாழுக்கு 14, செங்கோட்டியாழுக்கு 7 என்ற எண்ணிக்கை உரையிலே இருந்தது. கருவிகளோ கண்ணுக்கு இல்லை. வழக்கொழிந்த ஒன்றைப் பற்றி எழுதுபவர், யாரால் மறுக்கமுடியும் என்ற துணிவிலே எதையும் எழுதிவிடலாம். அடிகளார் அவ்வாறு செய்யவில்லை. சுருதிக் கணக்குகளையும் அட்டவணைகளையும் நூலிலேயே விரித்து வைத்தார். கணிதந் தெரிந்த எவரும் அவர் சென்ற வழியே சென்று சரிபார்க்கலாம். ஆராய்ச்சியின் பகுதிகளைக் கரந்தைத் தமிழ்ச் சங்கத்தின் தமிழ்ப்பொழில் இதழிலே முன்கூட்டியே வெளியிட்டும் வந்தார்.

1943 இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதலாவது தமிழ்ப் பேராசிரியரானார். 1947 யூன் 5, 6 ஆம் திகதிகளில் தமிழகத்தின் திருக்கொள்ளம்பூதூர்க் கோயிலிலே யாழ்நூல் அரங்கேறியது. ஓடஞ் செலுத்துவாரின்றி வெள்ளத்தைக் கடக்கச் சம்பந்தர் பதிகம் பாடிய தலம் அது. உடல்நலங் குன்றிய நிலையிலும் அடிகளார் அறிஞர் அவையின் முன் அமர்ந்தார். அவருடைய கணக்கின்படி செய்த யாழ்கள் அங்கே காட்டப்பட்டன; இசைக்கப்பட்டன. கணக்குப் பிழையென்றால் செவியே காட்டிக்கொடுத்துவிடும். அதற்கும் அவர் உடன்பட்டு நின்றார். அடுத்த மாதம், யூலை 19 ஆம் திகதி, இறைவனடி சேர்ந்தார். கல்லடியிலே சிவானந்த வித்தியாலய வளவிலே அவரது சமாதி இருக்கின்றது.

மறுப்பு வராமலில்லை. சுருதிகள் 24 என்பது கருணாமிர்த சாகரம் எழுதிய ஆபிரகாம் பண்டிதரின் கொள்கை. அடிகளார் 22 என்றார். பண்டிதரின் மகன் வரகுணபாண்டியன் 1950 இலே பாணர் கைவழி என்ற நூலை வெளியிட்டு, யாழ் வில்வடிவான தனிக்கருவியன்று, வீணையே யாழ் என வாதிட்டார். அதற்கு மறுமொழி கூற அடிகளார் உயிரோடில்லை. ஆயினும் அவரது சான்றுகளும் கணக்குகளும் நூலிலே இருந்தன. மறுப்பவர் எதனை மறுக்கிறோம் எனத் தெரிந்து மறுத்தார். ஆதரிப்பவர் எதனை ஆதரிக்கிறோம் எனத் தெரிந்து ஆதரித்தார். யாழைப் பற்றிப் பேசப் புகுவோர் இன்றும் யாழ்நூலைத் தாண்டிப் போக முடியாதிருக்கின்றது. மறைத்து வைத்த நூலுக்கு இந்தப் பேறு கிடைப்பதில்லை.

எமது பழைய மாணவியரிடையே கவிதை எழுதுவோர், நாடகம் நடத்துவோர், ஆடுவோர், வீணை வாசிப்போர் பலர் உளர். அரங்கேற்றம் என்ற சொல் அவர்கள் வீடுகளிலே நன்கு பழகியது. இன்று அச்சொல் மண்டபத்தையும் மாலையையும் வாழ்த்துரையையும் நினைவூட்டுகின்றது. முன்னாளில் அது தடைகளுக்கு விடைகூறும் அவை. புகழ்ச்சி மட்டுமே கேட்கும் மேடையிலிருந்து இறங்குபவளுக்கு, பின்னர் யாரேனும் ஒருவர் கூறும் சிறு குறையும் பேரிடியாகின்றது. அதன்பின் எழுதுகோலைத் தொடாதவர்களும் சலங்கையைக் கட்டாதவர்களும் எம்மூர்களிலே உண்டு. அவர்களால் வந்திருக்கக்கூடிய ஆக்கங்கள் எமக்கு இல்லாமற் போயின.

எழுதியதை அச்சுக்குக் கொடுக்குமுன் அறிந்தவர் ஒருவரிடம் காட்டுதல். எந்த இடத்திலே, ஏன் பிழை என்று கேட்டல். தக்கதை ஏற்று, தகாததற்குச் சான்று காட்டி, அடுத்த பக்கத்தை எழுதத் தொடங்குதல். இவை பெரும் புலவருக்கு மட்டும் உரியனவல்ல. வாவியின் நீரரமகளிரைப் பாடிய அடிகளாரை ஆண்டுதோறும் விழாவெடுத்துப் போற்றும் நாம், எமது இளைய மாணவியருக்கு அவர் காட்டிய இந்தப் பழக்கத்தையும் சேர்த்துக் கொடுப்போமாக.