வலிப்பின் வேரைத் தேடியவர்

தமிழ்ப்பள்ளியில் ஒரு நாள் சபைகூடலின்போது என் தோழிக்கு வலிப்பு வந்தது. யாரோ ஓடிவந்து அவள் கையில் சாவிக்கொத்தைத் திணித்தார்கள். சாவிக்கு வலிப்பை நிறுத்தும் சக்தி இல்லை என்பதைப் பின்னாளில்தான் அறிந்தேன். அந்நோயின் வேரை மூளைக்குள் தேடிய ஒருவரை இங்கே நினைவுகூர்கிறேன்.

டாக்டர் ஜேக்கப் சாண்டி 1910-ஆம் ஆண்டு கோட்டயத்தில் பிறந்தார். சென்னையில் மருத்துவம் பயின்று, பஹ்ரைனில் பணிபுரிந்தார். பின்னர் கனடா சென்று, வலிப்பு அறுவைச் சிகிச்சையில் உலகப் புகழ்பெற்ற வில்டர் பென்ஃபீல்டிடம் பயிற்சி பெற்றார். 1949-இல் வேலூர் கிறிஸ்துவ மருத்துவக் கல்லூரியில் இந்தியாவின் முதல் நரம்பு அறுவைச் சிகிச்சைத் துறையைத் தொடங்கினார். குழந்தைப் பருவத்திலேயே உடலின் ஒரு பக்கம் செயலிழந்து, வலிப்பால் அவதியுற்ற ஓர் இளைஞருக்கு 1952-இல் அறுவைச் சிகிச்சை செய்தார்.

அக்காலத்தில் ஸ்கேன் கிடையாது. மூளையைச் சூழ்ந்த நீரை வடித்து, காற்றைச் செலுத்தி எக்ஸ்ரே எடுப்பார்கள். நோயாளி கடும் தலைவலியால் துடிப்பார். மூளையின் மின்னலைகளை இ.இ.ஜி. கருவி பதிவு செய்யும்.

1964-இல் பத்ம பூஷண் விருது பெற்ற அவர், 2007-இல் மறைந்தார்.

இன்று குழந்தையின் மூளையிலுள்ள சிறு தழும்பையும் எம்.ஆர்.ஐ. வலியின்றிக் காட்டுகிறது. ஆயினும் வலிப்புள்ள பல குழந்தைகளுக்குப் படத்தில் குறை எதுவும் தெரியாது. நேரில் கண்டவர் சொல்லும் விவரமே மருத்துவருக்கு முதல் துணை.

ஆகவே நண்பர்களே, சாவியைத் தேடாதீர்கள். பிள்ளையை ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், கடிகாரத்தைப் பாருங்கள், கண்டதை மறைக்காமல் மருத்துவரிடம் சொல்லுங்கள்.