கும்பெய் யோகோய்: பழையதிற் புதுமை கண்டவர்

புதியன யாவும் விலையுயர்ந்த பொருள்களாலேயே பிறக்கும் என்னும் எண்ணம் நம்மிடையே வேரூன்றியுள்ளது. 1990களின் பொருளாதாரத் தடைக்காலத்தில் இரணைமடுவிலும் அதனைச் சூழ்ந்த வன்னிப் பெருநிலத்திலும் வாழ்ந்த மக்கள் அவ்வெண்ணத்தைப் பொய்யாக்கினர். மின்கலம் கிடையாதபோது துவிச்சக்கரவண்டியின் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்டனர். பெற்றோல் அருகியபோது மண்ணெண்ணெயில் மோட்டார்ச் சைக்கிள் ஓட்டினர். இடுக்கண் இவர்களுக்குக் கற்பித்த பாடத்தை யப்பானில் ஒருவர் தம் தொழிற் கொள்கையாகவே கொண்டு வாழ்ந்தார். அவரே கும்பெய் யோகோய்.

1941 செப்டெம்பர் 10ஆம் நாள் கியோத்தோ நகரிற் பிறந்த யோகோய், தோஷிஷா பல்கலைக்கழகத்தில் மின்னணுவியல் பயின்று, 1965இல் நிண்டெண்டோ நிறுவனத்திற் சேர்ந்தார். அந்நாளில் அது சீட்டுக்கட்டுகளுக்குப் பெயர்பெற்ற நிறுவனம். சீட்டுச் செய்யும் இயந்திரங்களைப் பேணுவதே அவருக்குக் கிடைத்த பணி. ஓய்வு வேளையில் அவர் செய்து விளையாடிய, நீண்டு குறுகும் கை ஒன்று நிறுவனத் தலைவர் யமவுச்சியின் கண்ணிற் பட்டது. 1966இல் அது அல்ட்ரா ஹேண்ட் என்னும் பெயரிற் சந்தைக்கு வந்து, பத்து இலட்சத்துக்கு மேல் விலைபோயிற்று. இயந்திரம் பேணியவர் விளையாட்டுப் பொருள் புனைவாளரானார்.

யோகோயின் கொள்கை எளியது. நெடுநாள் வழங்கி மலிந்துவிட்ட தொழில்நுட்பத்தின் குணமும் குற்றமும் யாவரும் அறிந்தவை. அதனை எவரும் எண்ணாத வேறொரு பயனுக்குத் திருப்புவதே ஆக்கம் என்று அவர் கருதினார். கணிப்பான்களின் பெருக்கத்தால் மலிந்த திரவப்படிகத் திரையைக் கொண்டு 1980இல் கேம் அண்ட் வாட்ச் என்னும் கையடக்க விளையாட்டுக் கருவியை ஆக்கினார். 1982இல் அதன் டொங்கி கொங் பதிப்புக்கெனக் கூட்டற்குறி வடிவப் பொத்தானை அமைத்தார். நான்கு திசைகளையும் ஒரு பெருவிரலின்கீழ் அடக்கிய அப்பொத்தான், மறு ஆண்டு வெளிவந்த ஃபமிகொம் கருவியின் கொன்ட்ரோலரிலும் இடம்பெற்று உலகெங்கும் பரவியது.

1989இல் வந்த கேம் போய்க்கு அவர் வண்ணத் திரையை நாடவில்லை. மங்கலான ஒருநிறத் திரையே போதுமென்றார். போட்டிக் கருவிகளின் வண்ணத் திரைகள் மின்கலங்களை விரைந்து விழுங்க, இதுவோ நான்கு சிறு மின்கலங்களிற் பல மணி நேரம் இயங்கி அவற்றை வென்றது.

வெற்றி என்றும் உடன்வரவில்லை. 1995இல் வெளிவந்த வேர்ச்சுவல் போய் பெருந்தோல்வி கண்டது. மறு ஆண்டு நிறுவனத்தை விட்டு நீங்கிய யோகோய், கோதோ என்னும் ஆய்வகத்தை நிறுவி, வொண்டர்ஸ்வான் என்னும் கையடக்கக் கருவியின் ஆக்கத்தில் ஈடுபட்டார். அது கடைக்கு வருமுன்னரே, 1997 ஒக்டோபர் 4ஆம் நாள் நெடுஞ்சாலை விபத்தொன்றில் தமது 56ஆவது வயதில் உயிர் நீத்தார்.

அவர் கொள்கையின் பயனை இன்று ஒரு மாணவன் கையாற் தொட்டே அறியலாம். ஃபமிகொம் 1985இல் அமெரிக்கா சென்றபோது பெற்ற, கழற்றிப் பூட்டும் கொன்ட்ரோலருக்குள் இருப்பது 4021 என்னும் மலிவான சில்லு ஒன்றே. எட்டுப் பொத்தான்களுக்கும் ஐந்தே கம்பிகள். இரண்டு மின்சாரத்துக்கு, ஒன்று பொத்தான்களின் நிலையைப் பிடித்து நிறுத்துவதற்கு, ஒன்று தாளத் துடிப்புக்கு, எஞ்சியது செய்திக்கு. ஒரே வாய்க்காலில் முறைவைத்து வயல்களுக்கு நீர் விடுவதுபோல, எட்டுப் பொத்தான்களின் செய்தியும் ஒரே கம்பியில் ஒன்றன்பின் ஒன்றாக வருகிறது. 2005இல் இத்தாலியிற் தோன்றிய ஆடுயினோ வகைப் பலகைகளுள் 5 வோல்ட்டில் இயங்கும் ஒன்றில் இக்கம்பிகளை நேரே பொருத்திச் சில வரி நிரல் எழுதினால் அச்செய்தியைப் படிக்கலாம்; அழுத்திய பொத்தான் பூச்சியமாகவும், அழுத்தாதது ஒன்றாகவும் தோன்றும். அதன் பின்னர் அக்கொன்ட்ரோலர் ஒரு விளக்கையோ சிறு மோட்டாரையோ இயக்கும் கருவியாகிறது.

உள்ளமைப்பு எளிமையாய் இருந்தமையாலன்றோ நாற்பதாண்டு கடந்தும் அது பிறர் கைக்கு இணங்குகிறது! பழைய பொருட் குவியலில் அத்தகைய கொன்ட்ரோலர் ஒன்றைக் காணும் இரணைமடு மாணவன், அதனை எறிந்துவிடாமல் அதன் ஐந்து கம்பிகளையும் எண்ணிப் பார்ப்பானாயின், யோகோயின் பணி தொடர்கிறது என்க.