பண்டாரவளைக் கற்கோயிலைக் கட்டியவர்



உங்கள் தோட்டத்துச் சிற்றாலயத்தின் கூரை ஒழுகத் தொடங்கி, புதிதாகக் கட்டுவதென்று கோயிற் கமிட்டி கூடும்போது என்ன நடக்கிறதென்று எண்ணிப் பாருங்கள். யாராவது ஒருவர் ஒரு படத்தைக் கொண்டுவருவார். பெரும்பாலும் அது கடற்கரை ஊரொன்றின் பெரிய கோவிலாயிருக்கும்: இரட்டைக் கோபுரம், முகப்பு நிறைய வேலைப்பாடு, தட்டையான கொங்கிறீட் கூரை. நாட்சம்பளத்தில் மிச்சம் பிடித்துச் சேர்த்த பணமெல்லாம் முகப்புக்கே போய்விடும். பிறகு ரம்புக்கனையில் தென்மேற்குப் பருவமழை இறங்கும். ஓராண்டுக்குள் சுவரில் பாசி. ஈராண்டில் கொங்கிறீட்டில் கசிவு. மறுபடியும் கமிட்டி, மறுபடியும் பணம்.

மழை எந்தப் பக்கத்திலிருந்து அடிக்கிறது, நிலம் எங்கே சரிகிறது என்று முதலில் பார்த்துவிட்டு, அதன் பின்னரே பென்சிலைக் கையிலெடுத்த ஒருவரின் வரலாற்றை இவ்வாரம் உங்கள் முன் வைக்கிறோம். அவர்தான் ஜெப்ரி பாவா. அவரைப் பாராளுமன்றத்தைக் கட்டியவராக நீங்கள் அறிந்திருப்பீர்கள். நம் கன்னியர் மடங்களுக்கும் அவர் கட்டிக்கொடுத்தார் என்பது பலருக்குத் தெரியாது.

அன்னார் 1919 ஜூலை 23இல் கொழும்பில் பிறந்தார். தந்தை முஸ்லிம் சட்டத்தரணி. தாய் பறங்கியர் குலத்தவர். சிறு வயதிலேயே தந்தையை இழந்தார். கேம்பிரிட்ஜில் ஆங்கில இலக்கியம் படித்து, இலண்டனில் சட்டமும் முடித்து, 1946இல் நாடு திரும்பிச் சிறிது காலம் வழக்காடினார். மனம் அதில் ஒட்டவில்லை. உலகைச் சுற்றினார், இத்தாலியில் குடியேறவும் எண்ணினார். கடைசியில் 1948இல் பெந்தோட்டைக்கு அருகே ஏரியோரமாக ஒரு பழைய றப்பர் தோட்டத்தை வாங்கினார். அதுவே லுணுகங்கை.

அந்தத் தோட்டந்தான் அவருக்கு முதல் ஆசான். இத்தாலிய நந்தவனம் போல ஒன்றை அங்கே அமைக்க விரும்பினார். மரத்தை எங்கே வெட்டுவது, மேட்டை எங்கே தாழ்த்துவது, ஏரி எந்த இடைவெளியில் கண்ணுக்குப் படவேண்டும் என்று பார்த்துப் பார்த்துச் செய்தபோது, ஆசை இருந்தும் தொழிலறிவு இல்லையென்று கண்டார். முப்பது வயதைத் தாண்டியவர் மறுபடி மாணவனானார். இலண்டனில் கட்டடக்கலை பயின்று 1957இல் பட்டம் பெற்றபோது அவருக்கு வயது 38. நம் பிள்ளைகள் இருபத்திரண்டு வயதிலேயே இனி ஒன்றும் ஆகாதென்று சோர்ந்துபோவதைப் பார்க்கும்போது இது நினைவுக்கு வருகிறது.

கொழும்பில் எட்வர்ட்ஸ், றீட் அன்ட் பெக் என்ற நிறுவனத்தில் சேர்ந்தார். டென்மார்க் நாட்டவரான உல்ரிக் பிளெஸ்னர் 1959இல் அவரோடு இணைந்தார். பிற்காலத்தில் பொறியியலாளர் கே. பூலோகசுந்தரம் பங்காளியானார். பாவாவின் பெருங்கட்டடங்கள் நிமிர்ந்து நிற்பதற்கு இந்தத் தமிழரின் கணக்கும் நிர்வாகமும் எவ்வளவு துணை என்பது பலரும் சொல்லாமல் விட்ட செய்தி.

அறுபதுகளில் இறக்குமதிக் கட்டுப்பாடு இறுகியது. கண்ணாடியும் உருக்கும் கிடைப்பது அரிதாயிற்று. மற்றவர்கள் கைபிசைந்து நின்றபோது, பாவா கருங்கல்லையும் நாட்டு மரத்தையும் சுண்ணாம்பையும் ஓட்டையும் நோக்கித் திரும்பினார். அவருடைய எண்ணத்தில் இந்நாட்டுக் கட்டடத்துக்குக் கூரையே தலைமை. மற்றதெல்லாம் அதற்குக் கீழேதான்.

அந்தக் கூரையைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். கிராமத்து அரைவட்ட ஓடு பார்வைக்கு அழகு, வெயிலுக்குக் குளிர்ச்சி. ஆனால் குரங்கு ஓடினாலும் காற்றடித்தாலும் விலகி ஒழுகும். நெளிவுச் சீமெந்துத் தகடு ஒழுகாது. ஆனால் வெயிலில் அனலைக் கக்கும், பார்வைக்கும் வறட்சி. பாவாவும் பிளெஸ்னரும் தகட்டைக் கீழே விரித்து, அதன் நெளிவுகளில் ஓட்டைப் பதித்தார்கள். மழையைத் தகடு தடுத்தது. வெயிலை ஓடு தாங்கியது. கூரை விளிம்பைச் சுவருக்கு வெளியே நன்றாக நீட்டியதால் சுவரும் நனையவில்லை, ஜன்னலை மழையிலும் திறந்து வைக்கலாம். (அக்காலத் தகட்டில் அஸ்பெஸ்டஸ் கலந்திருந்தது. அதன் தூசு நுரையீரலுக்கு நஞ்சென்று இன்று நாம் அறிவோம். ஆகவே முறையை எடுத்துக்கொண்டு, தகட்டை மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள்.)

இனி, நம் வீட்டுக் கதைக்கு வருவோம். பாவா பெயர் பெறாத அந்த ஆரம்ப நாட்களில் அவரை நம்பி வேலை கொடுத்தவர்களுள் நல்லாயன் சபைக் கன்னியரும் இருந்தார்கள். ரம்புக்கனையில் ஏற்றம் தொடங்கும் மலைநாட்டு ரயில் பாதை, கடுகண்ணாவையைக் கடந்து வெகுதூரம் ஏறிப் பண்டாரவளையை அடைகிறது. அங்குள்ள மடத்துக்கு 1961–62இல் அவர் ஒரு சிற்றாலயம் கட்டினார். குளிரும் மூடுபனியும் உள்ள மேட்டு நிலத்துக்கு ஏற்ப, செதுக்கி மெருகிடாத முரட்டுக் கல்லால் சுவர் எழுப்பினார். ஐரோப்பிய ஆலயத்தின் நகலும் அல்ல அது, விகாரையின் நகலும் அல்ல. அந்த மலையின் கல்லே ஆலயமாக எழுந்தாற்போன்றது.

ஆண்டைக் கவனியுங்கள். இரண்டாம் வத்திக்கான் திருச்சங்கம் கூடியது 1962 ஒக்டோபரில். திருச்சபை எந்த ஒரு கலைப் பாணியையும் தனக்கே உரியதாகக் கொண்டதில்லை, எல்லா மக்களின் கலையும் உரிய வணக்கத்தோடு இறை இல்லத்துக்குத் தொண்டாற்றலாம் என்று திருச்சங்கம் அறிவித்தது 1963 டிசெம்பர் 4இல். கன்னியர் அதற்கு முன்பே கல்லை அடுக்கத் தொடங்கிவிட்டார்கள்!

அதைத் தொடர்ந்து கொழும்பு புனித பிரிஜெட் மடத்தின் மொண்டிசோரிப் பள்ளியை 1963–64இல் கட்டினார்: பெரிய கூரை, குறைந்த சுவர், குழந்தைகளுக்கு நிறையக் காற்று. 1965–66இல் ஹங்வெல்லையில் பெண்பிள்ளைகளுக்கு விவசாயம் பழக்கும் பண்ணைப் பள்ளியை அதே கன்னியருக்காக அமைத்தார்.

பொதுக் கட்டடங்களின் பட்டியல் நீளமானது. சிலவற்றை மட்டும் சொல்கிறோம். கொழும்பு அரச ஈட்டு வங்கியை (1976–78) காற்றோட்டத்தாலேயே குளிரும்படி வகுத்தார். பேரை வாவியின் நீர்மேல் மிதப்பதுபோல் நிற்கும் சீமா மாலகம் பௌத்தத் துறவிகளுக்கானது; மகனை இழந்த முஸ்லிம் தம்பதியர் அவன் நினைவாக அதற்குப் பணம் தந்தனர். கோட்டேயில் சதுப்பைத் தோண்டி ஏரியாக்கி, நடுவில் எழுப்பிய பாராளுமன்றம் 1982 ஏப்ரல் 29இல் திறக்கப்பட்டது. மாத்தறையில் றுகுணைப் பல்கலைக்கழகத்தைக் குன்றுகளைத் தரைமட்டமாக்காமல், சரிவோடு சரிவாகப் பல சிறு கட்டடங்களாகப் பரப்பினார். சரிவை வெட்டிக் கட்டும் பழக்கத்தில் ஊறிய கேகாலை மாவட்டத்தவர் இந்த ஒன்றையாவது நின்று பார்க்க வேண்டும். 2016 மே 17இல் அரநாயக்கையில் மலை இறங்கியதை நாம் மறக்கவில்லை.

ஒரு குறையையும் மறைக்காமல் சொல்லவேண்டும். அவரது கலை செல்வந்தர் வீட்டுக்கும் உல்லாச விடுதிக்கும் தாராளமாகப் போய்ச் சேர்ந்தது. தோட்டத்துரைக்கும் பங்களா கட்டினார். தகரக் கூரையும் ஒற்றை ஜன்னலுமான லயத்தைத் திருத்த, அவர் தரத்து ஒருவரை அழைக்க அக்காலக் கம்பெனிகளுக்கு எண்ணம் வந்திருக்குமா? குறை அவருடையது மட்டுமல்ல. ஆனால் கல்லும் ஓடும் நீண்ட விளிம்பும் செல்வர்களின் சொத்தல்ல. கேகாலைப் பக்கத்தில் கருங்கல்லுக்குப் பஞ்சமில்லை. அதை அடுக்கத் தெரிந்த கைகள் நம் லயங்களிலேயே உண்டு. கமிட்டியார் முகப்புப் படத்தை மடித்து வைத்துவிட்டு, ஒரு மழை நாளில் அந்த நிலத்தில் மேசனையும் கூட்டிக்கொண்டு போய் நின்றால், பாதி வரைபடம் அங்கேயே கிடைத்துவிடும்.

பாவாவுக்கு 1993இல் தேசமான்ய விருதும், 2001இல் ஆகாகான் கட்டடக்கலை விருதுக் குழுவின் சிறப்பு விருதும் கிடைத்தன. ஆனால் 1998இல் பாரிசவாதம் தாக்கிப் பேச்சும் நடையும் போய்விட்டன. ஐந்தாண்டு படுக்கையிலிருந்து, 2003 மே 27இல் காலமானார். ஐம்பத்தைந்து ஆண்டுகள் செதுக்கிச் செதுக்கி வளர்த்த லுணுகங்கையின் மண்ணிலேயே அவரது சாம்பலும் சேர்ந்தது.